தொட்டேன்

வேதமணி டீச்சருக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அந்தச் சொல் ‘தொட்டேன்’.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். அங்கே காற்று யாரையும் கேட்காமல் உள்ளே வரும், நோட்டைப் புரட்டும், சாக்பீஸ் தூளை மூஞ்சியில் அடித்துவிட்டுப் போகும். பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கிற பிள்ளைகளுக்குக் காலையில் பாடம். மத்தியானம் காற்றாலைகளுக்குப் போய் வேலை பழகுவார்கள். சனிக்கிழமை மலை. இடுப்பில் கயிறு கட்டிப் பாறை ஏற வேண்டும். பாறையில் பயம் தெளிந்தால்தான் காற்றாலைக் கோபுரத்தில் கை நடுங்காது என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

நான் அங்கே கணக்கு வாத்தியார். பிள்ளைகளுக்குப் பாறை எதற்கு ஐயா, ஒழுங்காக வகைக்கெழு போடட்டும் என்பது என் கட்சி. என்னை யார் கேட்டார்கள்?

பாறைக்கும் கோபுரத்துக்கும் பொறுப்பு வேதமணி டீச்சர். நாற்பது வயசு ஆகியிருக்காது. முன்பு காற்றாலையில் வேலை பார்த்தவர். இரண்டு வார்த்தையில் முடிகிற இடத்தில் மூன்றாவது வார்த்தை பேச மாட்டார். அதனாலேயே எனக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஏறப்போகிறவர் பெல்ட்டை மாட்டி, கயிற்றை அதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கீழே நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப்போகிற ஜோடி, ஏறுகிறவர் முன்னால் வந்து, பெல்ட், பக்கிள், முடிச்சு, கொக்கி என்று ஒவ்வொன்றையும் கையால் தொட வேண்டும். தொட்டுவிட்டு, ‘தொட்டேன்’ என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பிறகுதான் கால் தரையை விட்டு எழும்பலாம்.

ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது, “பார்த்தாலே தெரியுமே டீச்சர், எதுக்குத் தொடணும்?”

“கண்ணுக்கு அவசரம் ஜாஸ்தி,” என்றார் டீச்சர். அதோடு சரி.

பன்னிரண்டாம் வகுப்பில் சுஜின் என்று ஒருவன். அவனைப்போல் முடிச்சுப் போட அங்கே ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு போடுவான். முதுகுக்குப் பின்னால் கையை வைத்துப் போட்டுக் காட்டுவான். சின்ன வகுப்புக்கு முடிச்சுச் சொல்லிக்கொடுக்கிற வேலையை டீச்சரே அவனிடம் விட்டிருந்தார். காற்றாலைக்காரர்கள், படிப்பு முடிந்ததும் நேரே இங்கே வா தம்பி என்று சொல்லி வைத்திருந்தார்கள். என் வகுப்பில் மட்டும் தூங்குவான். திட்டினால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு யாராலும் மேலே திட்ட முடியாது.

அவனுக்கு ஜோடி பேச்சியம்மாள். தோவாளைப் பிள்ளை. அம்மா பூக்கட்டுகிறவள். பேச்சி சுஜினைப்போல வேகக்காரி இல்லை, ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வாள். அவளுக்குக் கோபுரம் என்றால் உயிர். மேலே ஏறி நின்றால் கடல் தெரியுது சார் என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

அந்தச் சனிக்கிழமை நான் மலைக்குப் போகவில்லை. நடந்ததைப் பேச்சியே பிறகு சொன்னாள். கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சுஜின் கயிற்றில் எட்டுமாதிரி முதல் முடிச்சைப் போட்டு, மிச்ச நுனியைப் பெல்ட்டுக்குள் நுழைத்தான். அந்த நுனியை வந்த வழியே திருப்பி முடிச்சுக்குள் கொண்டுபோனால்தான் முடிச்சு முடிச்சாகும். அதற்குள் பக்கத்தில் நின்ற சின்ன வகுப்புப் பிள்ளை, “அண்ணா, ஹெல்மெட் மாட்ட வரல,” என்று கூப்பிட்டது. போய் மாட்டிவிட்டான். திரும்பி வந்தான். சட்டை இறங்கி முடிச்சை மூடியிருந்தது.

“பேச்சி, ஏறட்டா?”

அவள் நாலடி தள்ளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலிருந்தே, “தொட்டேன்,” என்றாள்.

அடுத்த கயிற்றடியில் நின்ற டீச்சர் காதில் அந்தச் சொல் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்தான் வந்துவிட்டதே.

சுஜின் ஏறினான். உச்சியில் கயிறு கோத்திருக்கிற இரும்பு வளையத்தைத் தட்டினான். இறக்கிவிடு என்று கையைக் காட்டிவிட்டு, எப்போதும்போலப் பாறையிலிருந்து கையை எடுத்து, பாரத்தைக் கயிற்றில் விட்டுப் பின்னால் சாய்ந்தான்.

கயிறு பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டது. அவன் வந்து விழுந்தபோது அவள் கையில் கயிறு இருந்தது. அதில் பாரமே இல்லை சார் என்றாள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பையன் போய்விட்டான்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். போலீஸ் வந்தது, நிர்வாகம் வந்தது, ஆளுக்கொரு பேச்சு. கயிறு பழசு என்றார்கள். பாறையில் பாசி என்றார்கள். அவன் நேரம் அவ்வளவுதான் என்றார்கள். பாறைக்குப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பையனை மண்ணுக்குள் வைத்துவிட்டு உத்தரவு போடுவதில் என்ன குறைச்சல்!

பேச்சி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். நானும் அங்கே இருந்தேன்.

“சார், கயிறு பழசு இல்ல. புதுசு. நான்தான் தொடாம சொன்னேன்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“பிள்ளே, நீ பயந்துபோய் இருக்க. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இதை வெளியில போய்ச் சொல்லிட்டு நடக்காத, கேட்டியா? வீட்டுக்குப் போ. நல்லாத் தூங்கு.”

அவள் வீட்டுக்குப் போனாள். பிறகு வரவில்லை. பரீட்சைக்கும் வரவில்லை. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துவிட அப்பா பேசி முடித்துவிட்டார் என்று தகவல் வந்தது.

வேதமணி டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“சார், தோவாளைக்குப் போறேன். நீங்களும் வரணும்.”

“நான் எதுக்கு?”

“நான் பேசத் தெரியாதவ.”

அது உண்மை என்பதால் போனேன்.

பேச்சியின் வீட்டில் தரையெல்லாம் பிச்சிப்பூ. அம்மா கட்டிக்கொண்டிருந்தாள். பேச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலும் பூ இருந்தது, நார் இருந்தது, கை மட்டும் சும்மா இருந்தது. ஆள் பாதியாகியிருந்தாள்.

“இப்படித்தான் இருக்கா சார்,” என்றாள் அம்மா. “ஒரு முடிச்சுப் போட மாட்டேங்கா. பூவைக் கையில எடுப்பா, முடிச்சுக்கிட்ட வந்ததும் வச்சிருவா. சோறும் இறங்கல்ல. நீங்களாவது நல்ல வார்த்தை சொல்லுங்க.”

நல்ல வார்த்தை என்னிடம் நிறைய இருந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி டீச்சரைப் பார்த்துக் கேட்டாள்.

“டீச்சர், என் தப்பா?”

“ஆமா,” என்றார் டீச்சர்.

அம்மாக்காரி நாரைக் கீழே போட்டுவிட்டாள்.

“டீச்சர்! என்ன பேச்சு இது? பச்சைப்பிள்ளைகிட்ட!” என்று கத்தியேவிட்டேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. பூவை ஒதுக்கிவிட்டுப் பேச்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நான் தொட்டிருந்தா அவன் இருந்திருப்பானா?” என்று கேட்டாள் பேச்சி.

“இருந்திருப்பான்.”

பேச்சி அழுதாள். அது என்ன அழுகை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அடக்கம் நடந்த அன்றுகூட இந்தப் பிள்ளை அழவில்லை என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். அழுதுகொண்டே பேச்சி பேசினாள்.

“எல்லார்கிட்டயும் சொன்னேன் டீச்சர். பெரிய சார்கிட்ட சொன்னேன். போலீஸ்கிட்ட சொன்னேன். ஒருத்தரும் கேக்கல்ல. சுஜின் வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மாகிட்ட சொன்னேன். நான்தான் அத்தை, நான் தொடல்லன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“முகம் வாடியிருக்கே, சாப்பிட்டியா மக்களேன்னு கேட்டாங்க. அவன் தட்டுல எனக்குச் சோறு போட்டாங்க டீச்சர். அவங்க என்னை அடிச்சிருக்கலாம்ல? ஒரு அடி அடிச்சிருக்கலாம்ல?”

டீச்சர் அவள் அழுது முடிகிறவரைக்கும் அப்படியே இருந்தார். பிறகு கேட்டார்.

“ஏன் தொடல்ல?”

இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. பேச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சோம்பேறித்தனம் இல்ல டீச்சர். சத்தியமா இல்ல.”

“தெரியும்.”

“சுஜினைத் தொட்டுப் பார்த்தா... அவனை நம்பாத மாதிரி இருக்கும்ல? அவன் எங்களுக்கே சொல்லிக்கொடுக்கிறவன். முதல்ல எல்லாம் தொடுவேன். ஒரு நாள் பசங்க சிரிச்சாங்க. சுஜினையே இவ செக் பண்ணுறா பாருலேன்னு சிரிச்சாங்க. அப்புறம் சொல்லை மட்டும் சொல்லுவேன். அவனும் ஒண்ணும் சொல்லல்ல.”

“மத்தவங்களைத் தொடுவியா?”

“எல்லாரையும் தொடுவேன். நல்லாக் கட்டுறவங்களை மட்டும்தான் தொட மாட்டோம். அது மரியாதை டீச்சர்.”

“நல்லாக் கட்டுறவங்கன்னா?”

“சுஜின்,” என்றாள். கொஞ்சம் தயங்கினாள். “அப்புறம் நீங்க.”

பூக்கட்டுகிறவள் மறுபடி நாரை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். வெளியே தெருவில் பூ லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். கூரையிலிருந்து தலையில் ஏதோ விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர்?” என்றாள் பேச்சி. “இனிமே நான் என்ன செய்யணும்? எனக்குக் கோபுரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பா கடைக்குப் போகச் சொல்லுறாங்க. போயிரட்டா?”

“சனிக்கிழமை வா.”

“எதுக்கு?”

“வா. அப்புறம் போ.”

பஸ்ஸுக்கு நடக்கும்போது நான் பொரிந்து தள்ளிவிட்டேன்.

“ஒரு பொய் சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா? உன் தப்பு இல்லம்மான்னு ஒரு வார்த்தை! அந்தப் பிள்ளை ஏதாவது பண்ணிக்கிட்டா யார் பதில் சொல்றது?”

“அந்த வார்த்தையை எல்லாரும் சொல்லிட்டாங்களே சார்,” என்றார். “அதுக்கப்புறம்தான் அவ சாப்பாட்டை நிறுத்தினா.”

எனக்குக் கோபம் அதிகமாயிற்று. பஸ்ஸில் அவரைவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை. பாறைக்குத்தான் தடை. கோபுரம் தொழிற்பாடத்தில் சேர்ந்தது, அதை நிறுத்த முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காற்றாடியைக் கழற்றிவிட்ட பழைய கோபுரம் ஒன்று பிள்ளைகள் பழகுவதற்கென்றே நின்றது. இனிமேல் கூடுதலாக ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும் என்று புது உத்தரவு. அந்தக் கூடுதல் ஆசிரியர் நான்தான்.

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். வழக்கமான கூச்சல் இல்லை. லேய், மக்கா என்று ஒரு குரல் எழும்பவில்லை. காற்று மட்டும் கோபுரத்துக் கம்பிகளுக்குள் புகுந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

பேச்சி கடைசியாக வந்தாள். யூனிபார்ம் போட்டிருக்கவில்லை. வீட்டுச் சுடிதார். எல்லாருக்கும் தள்ளி, வேலி ஓரமாக நின்றுகொண்டாள். பிள்ளைகள் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

டீச்சர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கோபுரத்தடிக்கு வந்தார். அவர்தான் எப்போதும் முதலில் ஏறுவார். உச்சிக்குப் போய்க் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தால்தான் பிள்ளைகள் ஏற முடியும். அன்று ஏணியில் காலை வைக்கவில்லை. ஏணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார்.

“என்னை யாராவது தொட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

யாருக்கும் புரியவில்லை.

“நான் ஏறும்போது. ஒரு நாளாவது. யாராவது?”

ரூபன் என்கிற பையன்தான் வாயைத் திறந்தான். “உங்களை எப்படி டீச்சர்...”

“ஏன்?”

“நீங்க டீச்சர்லா.”

“உங்க எல்லாரையும் தொடச் சொன்னேன். நான் சும்மா ஏறினேன். நீங்க கீழே நின்னு பார்த்தீங்க. சுஜினும் நின்னு பார்த்தான்,” என்றார். அவர் குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு நின்றார்.

“தொடுங்க.”

ஒருவரும் நகரவில்லை. டீச்சரின் இடுப்பில் கை வைப்பதா? பையன்கள் செருப்பைப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஒருத்திக்குப் பதற்றத்தில் சிரிப்பு வந்து, அதை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் கையை இறக்கவில்லை. வெயில் அவர் முகத்தில் அடித்தது. போதும் டீச்சர், கையை இறக்குங்க என்று நானே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வேலி ஓரத்திலிருந்து பேச்சி நடந்து வந்தாள்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சர் முன்னால் வந்து நின்றாள். டீச்சர் அவளைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சி ஹெல்மெட் பட்டையைத் தொட்டாள். தோள் பட்டை இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். கொக்கியைத் திறந்து மூடிப் பார்த்தாள். குனிந்து தொடைப் பட்டைகளைத் தொட்டாள். ஒவ்வொன்றிலும் கையை வைத்து, உதட்டுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டாள். மெதுவாகத்தான் செய்தாள். அவசரப்படு என்று யாரும் சொல்லவில்லை. பிறகு இடுப்புப் பட்டைக்கு வந்தாள். பக்கிள்மேல் விரலை வைத்தாள்.

விரல் நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தாள். மறுபடி தொட்டாள். அந்தப் பட்டையைப் பக்கிளுக்குள் ஒரு தடவை நுழைத்துவிட்டுத் திரும்பவும் ஒரு தடவை எதிர்ப்பக்கம் நுழைக்க வேண்டும். அப்போதுதான் அது ஆளைத் தாங்கும். இது முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்கே தெரியும்.

பேச்சி பட்டையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பெல்ட் டீச்சரின் இடுப்பிலிருந்து நெகிழ்ந்து தொங்கிற்று.

பிள்ளைகளில் யாரோ, “ஐயோ,” என்றார்கள்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆகா, கெட்டிக்காரிதான், எவ்வளவு அழகாகப் பாடம் நடத்திவிட்டார் என்று மனசுக்குள் சபாஷ் போட்டேன். பேச்சிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். பட்டையைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

“எங்களைச் சோதிக்கத்தானே டீச்சர், வேணும்னே இப்படி விட்டீங்க?”

டீச்சர் விரித்த கையை இறக்கினார். பேச்சியின் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். நுனியை வாங்கித் தன் விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து அந்த ஏணியை அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை பார்த்தார். ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இல்ல மக்களே,” என்றார். “கட்டியாச்சுன்னுதான் நினைச்சேன்.”